அதிகப்படியாக ஆறு வாக்குகள்

சோதனைக் கேள்வி எப்போதும் அசட்டுக் கேள்வியாகத்தான் இருக்கும். "இந்த ஹோட்டல் காபியை மனிதர் குடிக்கலாமா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு." கடலோர மீனவர் சங்க மாநாட்டில் வருடா வருடம் டோருன் இப்படி ஒன்றைத் திரையில் போடுவாள்; கையிலிருக்கும் வாக்குக் கருவி வேலை செய்கிறதா என்று பிரதிநிதிகள் சிரித்துக்கொண்டே அமுக்கிப் பார்ப்பார்கள். இன்றும் சிரித்தார்கள். காபி படுதோல்வி அடைந்தது. ஆனால் கூடத்தில் இருந்தவர்கள் எண்பத்து நான்கு பேர். விழுந்த வாக்குகளோ தொண்ணூறு.

"என்னம்மா டோருன், உன் பொட்டிக்குக் கணக்கு வராதா?" மேடையிலிருந்த தலைவி குட்லெய்க் மைக்கிலேயே கேட்டாள். "இல்ல நம்ம ஆளுங்கதான் ரெண்டு ரெண்டு தடவ அமுக்குறானுங்களா? வலை இழுக்குற கை, சொன்னாக் கேக்குமா!"

ஒரு கருவிக்கு ஒரு வாக்குதான். எத்தனை முறை அமுக்கினாலும் கடைசியாக அமுக்கியதுதான் நிற்கும். மிச்சக் கருவிகள் பேட்டரி கழற்றிய நிலையில் மேசைக்கடியில் பெட்டிக்குள் கிடந்தன. டோருன் குனிந்து பார்த்துவிட்டு, சரிசெய்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினாள். சரிசெய்ய என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய மேசை கூடத்தின் கடைக்கோடியில், சுவரை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மதிய நேரத்து இருட்டு. துருவத்தை ஒட்டிய அந்த ஊரில் குளிர்காலச் சூரியன் தலைகாட்ட இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையும் வாஃபிள் கருகும் வாடையும் கலந்து அடித்த கூடத்தில், அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை மெல்ல ஊறி வந்தது. படகின் அடித்தளத்தைத் திறந்தால் வருமே, டீசலும் கடற்பாசியும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த அந்த வாடை. மீனவர் கூட்டத்தில் மீன் வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

தம்பி சிந்த்ரே காபிக் கோப்பையோடு வந்து மேசையில் சாய்ந்தான். மூன்றாவது வரிசையில் அவனும் ஒரு பிரதிநிதி.

"ஏன்க்கா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ ரெண்டத்தான அமுக்குவ, வேணாம்னு?"

"எத்தன தடவக்கா கேப்ப? ரெண்டுதான். சத்தியமா ரெண்டு. ஆனா மேட்டத் தொறந்துட்டாங்கன்னா நான் போகத்தான் போவேன். ஊரே மீன் அள்ளுறப்ப நான் மட்டும் வீட்ல சாக்ஸ் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அதுதான் அவள் பயம். போன குளிர்காலத்தில், நடுக்கடலில் மீன் மண்டும் க்விட்பூ மேட்டில், 'ஹாவ்டிஸ்' என்ற படகு ஆறு பேரோடு மூழ்கியது. ஏழாவது ஆளாகப் போயிருக்க வேண்டியவன் சிந்த்ரே. காய்ச்சலோடு கிளம்பியவனை டோருன்தான் கதவை மறித்து நிறுத்தினாள். யாருடைய உடலும் கிடைக்கவில்லை. அங்கே யாரும் மீன்பிடிக்கக்கூடாது என்று சங்கம் அந்த மேட்டை மூடியது. அதை மறுபடி திறப்பதா வேண்டாமா என்பதுதான் இன்றைய வாக்கெடுப்பு.

அவன் போனதும் வருகைப் பதிவைத் திறந்தாள். பார்த்தாள். மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தாள்.

இவர்கள் வழக்கம் இது: பெயரை வாசித்ததும் அந்த ஆள் பொத்தானை அமுக்கி, வந்திருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். காலையில் டோருன் வருகைப் பதிவைத் திறந்துவைத்திருந்தாள். அதற்குள் குட்லெய்க் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கடலில் போனவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். டோருனும் தலை குனிந்து நின்றாள். பதிவை மூடவில்லை. போன வருட உறுப்பினர் பட்டியலிலிருந்து அந்த ஆறு பேரை அவள் நீக்கியிருக்கவும் இல்லை, மனசு வரவில்லை.

ஆறு பெயர். வாசித்த அதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே: வந்திருக்கிறார்.

அழித்தாள். போயின. மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தன.

"கதவ மூடுங்கப்பா," என்றாள் குட்லெய்க்.

வாக்கெடுப்பு என்றால் கதவு மூடுவார்கள். முடிவு அறிவிக்கும்வரை யாரும் வெளியே போகக்கூடாது, பேசவும் கூடாது. வாசல் காவலர்கள் இருவர் சாவியைத் திருகிய சத்தம் கடைக்கோடிவரை கேட்டது.

கேள்வி திரைக்கு வந்தது. டோருனின் கணினியில் கூடத்தின் வரைபடம்; வாக்கு விழ விழ, அந்தந்த இருக்கையில் ஒரு பச்சைப் புள்ளி. வரிசை வரிசையாகப் புள்ளிகள் பூத்தன. பிறகு, இருக்கையே இல்லாத இடத்தில் ஆறு புள்ளிகள். பின்சுவரை ஒட்டி. பக்கம் பக்கமாக.

அவள் மேசைக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. பிடரியில் குளிர் இறங்கியது. எங்கோ மிக அருகில் சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

"மறுபடி தொண்ணூறு," என்றாள் டோருன்.

"மறுபடி அமுக்குங்க," என்றாள் குட்லெய்க், எரிச்சலோடு.

அமுக்கினார்கள். பின்சுவரில் இப்போது ஒரு புள்ளியும் இல்லை. நிம்மதி ஒரு நொடிதான். மூன்றாவது வரிசை. சிந்த்ரேயின் பச்சைப் புள்ளியைச் சுற்றி ஆறு.

"போதும்மா உன் மிஷினு!" குட்லெய்க் சுத்தியலைத் தட்டினாள். "பழையபடி கையத் தூக்குங்க. மேட்டத் தொறக்க நாப்பத்து மூணு கை வேணும். ஒண்ணு கொறஞ்சாலும் மூடுனது மூடுனதுதான். தொறக்கணும்ங்கிறவங்க மட்டும்!"

கைகள் எழுந்தன. காவலர்கள் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போனார்கள். சிந்த்ரேயின் கைகள் மடியிலேயே இருந்தன. என் தம்பி, என் கண்ணு, அப்படியே இரு. செத்தவர்களின் கையை யார் எண்ணப்போகிறார்கள்?

"நாப்பத்து ரெண்டு," என்றார் காவலர்.

டோருனுக்கு உயிர் வந்தது.

அப்போது சிந்த்ரேயின் வலது கை எழுந்தது. அவன் அதைப் பார்த்தான். இடது கையால் பிடித்துக் கீழே இழுத்தான். இறங்கவில்லை. மணிக்கட்டில், தோல் அமுங்கி, ஐந்து பள்ளங்கள். சட்டைக் கைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது.

"சிந்த்ரே!" அவள் கத்தினாள். "அது அவன் தூக்கல! எண்ணாதீங்க!"

"வாக்கெடுப்புல பேசக்கூடாது டோருன்," என்றாள் தலைவி.

"நாப்பத்து மூணு."

சுத்தியல் விழுந்தது. கைதட்டல். கதவுகள் திறந்தன. எல்லோரும் கையை இறக்கிவிட்டு, வாஃபிளுக்கு முந்திக்கொண்டு எழுந்தார்கள். சிந்த்ரேயும் எழுந்தான். கை இறங்காமலே. நுனிக்காலில்.

"அக்கா," என்று உதடு அசைந்தது.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கூட்டம் மறித்தது. அவன் துறைமுகப் பக்கத்துக் கதவைத் தாண்டியிருந்தான். தூக்கிய கை இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. வாசல் கம்பளத்தில் அவன் கால்விரல்கள் இழுபட்ட கோடுகள் இரண்டு. அவற்றின் இருபுறமும், இப்போதுதான் பதிந்த ஈர பூட்ஸ் தடங்கள், மும்மூன்று ஆளாக, படகுத்துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.