கம்பிக்கு அடியில்

காரை விட்டு இறங்கியதும் முதலில் வந்தது வாடைதான். செத்த மீன், ஊறிய கயிறு, பறவை எச்சம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைத்து மூடியைத் திறந்தது போல ஒரு வாடை. கடல் அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. ரொம்பக் கீழே தெரிந்தது.

மாப்பிள்ளை உடனே காருக்குள் திரும்ப ஏறப் பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை, கதவு பூட்டியிருக்கான்னு பார்க்கிறீங்களா?" என்றான் மனைவியின் அண்ணன்.

"ஆமா மச்சான். திருட்டு பயம் அதிகமாமே."

கல்யாணமாகி, புதுச்செருப்பு கடிப்பது இன்னும் நிற்காத காலம். நிச்சயத்துக்கு முன்னால் அவள், "உங்களுக்கு உயரம்னா பயம் இல்லையே?" என்று கேட்டபோது அவன் "எனக்கா!" என்று சொல்லியிருந்தான். அதில் இருந்த ஆச்சரியக்குறியை அவள் நம்பிவிட்டாள். அன்று முதல் பரணிலிருந்து பெட்டி எடுக்க வேண்டுமானால் அவளை நாற்காலியில் ஏற்றிவிட்டு, இவன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அக்கறை என்று அவள் நினைத்திருந்தாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இந்தப் பாறையின் நுனியில் நின்று எடுத்த படம் ஒன்று அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அதே இடத்தில் இவர்களும் நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் அந்த நுனிக்கு மூக்கு என்று பெயர்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கம்பியைப் பிடிச்சு நடங்க. ஆனா அடியில கை விடாதீங்க."

"ஏன், கரண்டா?" என்றான் மச்சான்.

"சூயிங்கம். தினமும் சுரண்டுறோம், தினமும் இருக்கு."

"ஜனங்களுக்கு அறிவே இல்ல."

"வாசலைப் பூட்டி வைக்கிற நாள்ல ஜனங்க யாரும் வர்றதில்லைங்க," என்றார் அவர், டிக்கெட்டைக் கிழித்தபடி. "மறுநாளும் இருக்கு."

பாதையின் ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம் இடுப்பளவு இரும்புக் கம்பி. அதற்கப்பால் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தான். கம்பி ஈரமாக இருந்தது. ஆயிரம் பேர் வேர்வையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிய பிசுபிசுப்பு. கையை எடுத்தால் விழுந்துவிடுவான், எடுக்காவிட்டால் வாந்தி வந்துவிடும். இரண்டில் வாந்தியே தேவலை என்று முடிவு செய்தான்.

"இதை மெல்லுங்க, தலை சுத்தாது." மச்சான் ஒரு சூயிங்கத்தை அவன் வாயிலேயே போட்டுவிட்டான்.

சுற்றத்தான் செய்தது. இனிப்பு கரைந்து ரப்பர் மட்டும் மிஞ்சியதும் துப்ப இடம் தேடினான். 'குப்பை போடாதீர்' என்று பலகை இருந்தது. குப்பைத் தொட்டி இல்லை. மனைவி முன்னால் போய்விட்டாள். மாப்பிள்ளை ஒரு நல்ல குடிமகனாக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயிலிருந்ததை எடுத்துக் கம்பிக்கு அடியில் ஒட்டினான்.

விரல் வேறெதிலோ புதைந்தது.

மெத்தென்று இருந்தது. சூடாகவும் இருந்தது.

அவன் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தால் கடல் தெரியவில்லை என்பது ஒரு லாபம். கம்பியின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. வரிசை வரிசையாகக் கட்டிகள். கறுப்பு, சாம்பல், வெளிறிய ரோஜா நிறம். ஒன்றில் யாருடையதோ தலைமுடி, ஒன்றில் ஈயின் இறக்கை. கொப்புளம் வந்த தோலை அடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் எச்சில் காயாமல் பளபளத்தது.

அதில் பல் பதிந்திருந்தது.

மாப்பிள்ளைக்கு வேலை பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளோடு நாள் முழுக்கப் பழகுபவன். தெருவில் ஆளைப் பார்த்தால் யாரென்று தெரியாது, சிரித்தால் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் படித்தான். மேல் வரிசை. முன்பல் ஒன்று திருகியிருக்கிறது. இடது கோரைப்பல் இல்லை.

அடுத்து ஒரு ஈரக் கட்டி. திருகின முன்பல். கோரைப்பல் இல்லை.

அதற்கடுத்ததும் அப்படியே.

மூக்குவரை எல்லாம் ஒரே வாய்.

ஒவ்வொன்றையும் அழுத்திய கட்டைவிரலின் ரேகையும் தெரிந்தது. அது கம்பிக்கு இந்தப் பக்கம் இல்லை. வெளிப்பக்கம் இருந்தது. ஆள் நிற்க இடமில்லாத பக்கம்.

தான் ஒட்டியதைத் தேடினான். அது இல்லை. ஒரு மெல்லிய இழை மட்டும் கடல் பக்கமாக நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.

பனி ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து சத்தம்.

சப்... சப்... சப்...

"மச்சான்," என்றான் மெதுவாக, "என்ன மெல்றீங்க?"

"நான் எதுவும் மெல்லலையே." மச்சான் குரல் பனிக்குள் எங்கோ பின்னால் இருந்தது. "நீங்கதான் மெல்றீங்கன்னு நினைச்சேன். வாயை மூடி மெல்லுங்க மாப்பிள்ளை, அருவருப்பா இருக்கு."

"ஏங்க, வாங்க!" மனைவி மூக்கில் நின்றிருந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி, கம்பியில் சாய்ந்து, படத்துக்குத் தயாராக. "பனியில படம் அருமையா வரும்!"

அவள் சாய்ந்திருந்த கம்பி எங்கே முடிகிறது என்று அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தான். கடைசித் தூணில் போல்ட் இல்லை. போல்ட் இருந்த ஓட்டைகளில் சூயிங்கம் அடைத்திருந்தது. அவள் சாயச் சாய அது இழை இழையாக நீண்டது. நிமிர்ந்தால் சுருங்கியது.

அந்தக் கம்பியை நிறுத்தியிருந்தது எச்சில்.

"கம்பியை விடு! இங்க வா!"

"நீங்க வாங்க. என்ன, பயமா?"

"ஆமா!" என்று கத்தினான். "பயம்! எனக்கு எப்பவுமே பயம்! பரண்கூட பயம்! கையெடுத்துக் கும்பிடுறேன், வந்துடு!"

அவள் சிரித்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

மாப்பிள்ளை எழுந்தான். எழுந்ததும் கீழே கடல் தெரிந்தது. கம்பியைப் பிடிக்காமல் போக முடியாது, பிடித்தான், ஓடினான். அடிப்பக்கக் கட்டிகள் எல்லாம் விரல்களுக்கு அடியில் நசுங்கின. ஒரு கையால் அவள் இடுப்பை வளைத்தான். கம்பியில் இருந்த மறுகையின் மேல், வெளிப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து படிந்தது.

ஈரமாக இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டது.

அதன் விரல்கள் அவன் மணிக்கட்டில் ஊர்ந்து, கழுத்தில் ஊர்ந்து, உதட்டைப் பிரித்து உள்ளே நுழைந்தன. பல் பல்லாகத் தடவின. இடது கோரைப்பல்லில் வந்து நின்றன. அசைத்துப் பார்த்தன.

அந்த விரலில் இனிப்பு இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடித்தான். ரப்பரைக் கடித்தது போல இருந்தது. அவளோடு பின்னால் பாறைச் சுவர்ப் பக்கம் விழுந்தான். கம்பி மெதுவாகச் சரிந்தது. இழைகள் நீண்டன, நீண்டன, அறுந்தன. தண்ணீரில் விழும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

அது கேட்கவில்லை.

சப்... சப்...

கீழே இறங்கும் பாதையில் மச்சான் கார் ஓட்டினான். பின் சீட்டில் அவள் இவன் தோளில் சாய்ந்திருந்தாள். "பயம்னு முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். குரலில் கோபம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் கவனித்தான். அவள் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மெல்றே?"

"நீங்க கொடுத்ததுதான்."

"நான் எப்போ கொடுத்தேன்?"

"நான் போஸ் கொடுத்து நின்னப்போ. பின்னாடியிருந்து கை நீட்டி வாயில வச்சீங்களே."

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது கம்பி. கம்பிக்குப் பின்னால் இருந்தது கடல்.

"துப்பு," என்றான். அவள் உள்ளங்கையில் துப்பினாள். முப்பத்திரண்டு பல்லும் ஒழுங்காக உள்ளவள். இவ்வளவு நேரம் மென்ற அந்தக் கட்டியில் முன்பல் திருகியிருந்தது. இடது கோரைப்பல் இல்லை.

பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். கண்ணாடியை ஏற்றினான். சட்டையில் கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். அவள் குமட்டிக்கொண்டு அழுதாள். கார் ஒரு வளைவில் சரிந்து திரும்பியது. வழக்கம்போல அவன் கை தானாகப் போய்ச் சீட்டின் அடிவிளிம்பைப் பிடித்தது.

மெத்தென்று இருந்தது.

பார்க்க வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலே படித்துவிட்டது: மேல் வரிசை. திருகின முன்பல். அதற்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், இப்போது ஒரு கோரைப்பல்லின் தடம்.

மாப்பிள்ளை மெல்ல நாக்கைத் தன் இடது பக்கம் நகர்த்தினான்.