எதிர் வாசலில் இன்னொரு பழங்கார்

நிலவின் மூன்றாம் குடியிருப்பில் ஞாயிறு காலை என்றால் வைரமணியின் வாசலில் கூட்டம் கூடும். அங்கே மூச்சுக்காற்று ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். வாரம் முழுக்க ஓடாமல், உரக்கப் பேசாமல் மிச்சம்பிடித்த தன் பங்கை அவர் அன்று காருக்குக் கொடுப்பார். 1961-ஆம் வருடத்துப் பெட்ரோல் கார். அந்தக் காற்றைக் குடித்து மூன்று நிமிடம் உறுமிவிட்டு அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எதிர் வீட்டு இம்மானுவேல் பூமியிலிருந்து 2029-ஆம் வருடத்து மின்சாரக் கார் ஒன்றை இறக்கியதும் எல்லாம் மாறியது. அதற்குக் காற்றே வேண்டாம். போதாக்குறைக்குப் பேசவும் செய்தது. வந்த குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

"நம்ம காரைவிட அறுபத்தெட்டு வருஷம் இளசு. அதெல்லாம் ஒரு பழங்காரா?" என்று பொருமினார் வைரமணி.

"நம்ம கார் அழகு அதுக்கு வருமா? விடுங்க," என்றாள் மனைவி சுகந்தி.

அவரால் விட முடியவில்லை. பழைய சாமான் கடையில் பேசுமூளை ஒன்றை வாங்கி வந்து காரில் பொருத்தினார். உரிமையாளரின் பேச்சைப் பத்து நாள் கேட்டால் அவரைப் போலவே பேசக் கற்றுக்கொள்ளும் வகை அது. தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து பேசினார். எதிர் வீட்டைத் தவிர வேறு பேச்சு அவருக்கு வரவில்லை.

பதினோராம் நாள் ஊரையே அழைத்தார். இம்மானுவேலும் வந்திருந்தார்.

"வணக்கம்," என்றது கார். கூட்டம் கைதட்டியது. கார் தொடர்ந்தது.

"எதிர் வீட்டுக் காருக்கு வாய்ச்ச ஓனரைப் பாருங்க. நிமிந்து நடக்கிறார். தலை நிறைய முடி. எனக்கு மட்டும் ஏன் இப்படி வாய்ச்சுது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இம்மானுவேல் கூச்சத்தில் தலைகுனிந்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டு, பேசுமூளையைப் பிடுங்கி எறிய ஸ்க்ரூடிரைவரோடு காருக்குள் ஏறினார் வைரமணி. ஒயரைத் தொட்ட கை அப்படியே நின்றது.

"முடியை விடு," என்றார் மெதுவாக. "வேற எதுல அவன் என்னைவிட ஒசத்தி?"

கார் உற்சாகமாக ஆரம்பித்தது. சுகந்தி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ வரேன்," என்றவர், ஸ்டியரிங் பக்கம் குனிந்து கேட்டார்.

"அப்புறம்?"