பாலம் ஏறிய வெள்ளித் தேர்

இந்தத் தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கின் வெள்ளித் தேர், இழுத்துவந்த மாடுகளை நடுச்சாலையில் விட்டுவிட்டு, பாலத்தில் ஏறி, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடலைக் கடந்து அக்கரையிலுள்ள ஜுருவுக்குப் போய்விட்டது. அதைப் பதினொரு வயது சுபாஷினி டத்தோ கிராமாட் சாலையில் நின்ற இடத்திலிருந்தே ஒற்றை விரலால் இழுத்துத் திரும்பக் கொண்டுவந்தாள்.

சிரிக்காதீர்கள். சாட்சி இருக்கிறது. அதுவும் லேசுப்பட்ட சாட்சி அல்ல. "இதெல்லாம் நடக்காதுலா!" என்று கழுத்து சுளுக்கும்வரை தலையாட்டிய யுகேந்திரன் அண்ணன்தான் சாட்சி.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

சுபாஷினியின் அம்மா ஜெயலெட்சுமிக்கு ஜுருவில் தொழிற்சாலை வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு தம்பி கிஷன் கடும் காய்ச்சலில் படுத்தபோது, "பிள்ளை எழுந்து ஓடட்டும் முருகா, உன் தேர் முன்னால தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். கிஷன் எழுந்து ஓடினான். இன்றுவரை நிற்கவே இல்லை. அவனைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

ஆனால் தேங்காய்தான் உடைந்தபாடில்லை. தேர் வரும் வழியெங்கும் அர்ச்சனைத் தட்டுகள், தேங்காய் மலைகள். அடிக்கு ஒருமுறை நிற்கும். எப்போது எந்தத் தெருவுக்கு வரும் என்று அந்த முருகனுக்கே தெரியாது. அம்மாவின் தொழிற்சாலை வேனோ சரியாக இரண்டு மணிக்கு வந்துவிடும். போன வருடம் வேன் அந்த முனையில் திரும்பியது, தேர் இந்த முனையில் திரும்பியது. வேனின் பின்கண்ணாடி வழியாக அம்மா கும்பிட்டதைச் சுபாஷினி பார்த்தாள். மடியிலிருந்த தேங்காயை அம்மா அப்படியே ஜுருவுக்குக் கொண்டுபோனார்.

"இந்த வருசமாவது உடைச்சுடணும்" என்றார் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுபாஷினிக்கு மறக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் யுகேந்திரன் அண்ணன் வந்தார். தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலுக்கு அவர்தான் தலைவர். அன்று அவர் சட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கழுகு சிரித்தது.

"கழுகுக்கண்! புதுச் செயலி. தேர் எங்க இருக்குன்னு ஹேண்ட்போன்லயே காட்டும். பெரிய கம்பெனி. பந்தலுக்குக் கூடாரம், காத்தாடி, கப்பு எல்லாம் ஓசி!"

சுபாஷினி ஓடிப்போய் அதை அம்மாவின் கைப்பேசியில் இறக்கினாள். கழுகு கேள்வி கேட்க ஆரம்பித்தது. அம்மாவின் பிறந்தநாள் வேண்டும். முகம் வேண்டும். புகைப்படங்கள், தொடர்பு எண்கள், இருக்கும் இடம் எல்லாம் வேண்டும். தேர் எங்கே என்று கேட்க வந்தவளிடம் கழுகு ஊர்க்கதை முழுவதையும் கேட்டது. அவசரத்தில் சுபாஷினி எல்லாவற்றுக்கும் "சரி" போட்டுவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மீன் விற்கும் காமாரியா அக்கா அலறியடித்துக்கொண்டு அழைத்தார்.

"ஜெயா, உசுரோட இருக்கியா?"

"ஏன்க்கா?"

"'ஜெயலெட்சுமி வீட்டில் இருக்கிறார். ஒரு மணி நேரமாக அசையவில்லை. நீங்களும் எங்களோடு சேருங்கள்'னு மெசேஜ் வந்துச்சே!"

அந்தச் செய்தி அம்மாவின் கைப்பேசியில் இருந்த அத்தனை பேருக்கும் போயிருந்தது. தலைமையாசிரியருக்கு, பல் மருத்துவருக்கு, தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு.

"இந்த வாரம் நைட் ஷிப்ட், முடிஞ்சு வந்து தூங்கினேன்டி!" என்று தலையில் கை வைத்தார் அம்மா. "நான் தூங்குறது பல் டாக்டருக்கு எதுக்குத் தெரியணும்?"

சுபாஷினி நேராகப் பந்தலுக்குப் போனாள். "அண்ணே, அந்தக் கழுகு வேணாம்ணே. நம்மளையே வேவு பார்க்குது."

"பார்க்கட்டும்லா! ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அப்படின்னா உங்க ஹேண்ட்போனைக் குடுங்க. போட்டோ எல்லாம் பார்த்துட்டுத் தரேன்."

யுகேந்திரன் அண்ணன் கைப்பேசியைப் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக் கணினி மன்றத்தில் சுபாஷினி தோழி அஃப்ரீனிடம் கேட்டாள். "தேர் எங்கேன்னு தெரியணும்னா தேரைப் பார்த்தா போதுமே. எதுக்கு நம்மளைப் பார்க்கணும்?"

அந்தக் கேள்வியை இருவரும் மதிய இடைவேளை முழுக்க மென்றார்கள். தேர் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பந்தலும் தேர் கடந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா? பெயர் வேண்டாம், எண் வேண்டாம், யாருடைய முகமும் வேண்டாம்.

தேடிப் பார்த்ததில் ஒரு நிரல் கிடைத்தது. எங்கோ தூர தேசத்தில் யாரோ ஒருவர், தம் ஊர் ஐஸ்கிரீம் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று காட்ட எழுதியது. திறந்த மூல நிரல். யாரும் படிக்கலாம், மாற்றலாம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

"மூடி போடாத சட்டி மாதிரி" என்றாள் அஃப்ரீன். அவள் அத்தா நாகூர் மீரானுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. "உள்ள என்ன கிடக்குன்னு எட்டிப் பார்க்கலாம். உப்புப் பத்தலைன்னா நாமளே போட்டுக்கலாம்."

எட்டிப் பார்த்தார்கள். ஆட்களை வேவு பார்க்கும் ஒரு வரிகூட உள்ளே இல்லை. "ஐஸ்கிரீம் வண்டி" என்று இருந்த இடமெல்லாம் "தேர்" என்று மாற்றினார்கள். டிங் என்று வரும் அறிவிப்பின் கடைசி வரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

"யாராவது விளையாட்டுக்கு அழுத்திட்டா?" என்றாள் அஃப்ரீன்.

சுபாஷினி யோசித்து ஒரு வரி சேர்த்தாள். முந்தைய பந்தல் அழுத்தாமல் அடுத்த பந்தலின் பொத்தான் வேலை செய்யாது.

இதை எங்கே ஓட்டுவது? நாகூர் மீரான் கடையில் ஒரு கிழட்டு மடிக்கணினி கிடந்தது. "இதற்கு வயதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று அதைச் செய்த நிறுவனமே கைகழுவிவிட்டது. தோழிகள் அதில் இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினார்கள். கிழம் எழுந்து உட்கார்ந்தது. விட்டிருந்தால் குட்டிக்கரணமே போட்டிருக்கும்.

பிறகு பந்தல் பந்தலாக அலைந்து, கைப்பேசியைக் காட்டினால் பொத்தானைத் திறக்கும் சதுரக் குறியீடு அச்சடித்த தாள்களை ஒட்டினார்கள். எல்லாரும் சம்மதித்தார்கள். யுகேந்திரன் அண்ணன் மட்டும் கழுகுக் கூடாரத்துக்குள் நின்றபடி சிரித்தார்.

"அவங்களுக்கு வானத்துல சாட்டிலைட்டே இருக்கு. உங்களுக்கு நாசி கண்டார் கடை! நடக்கிற காரியமாலா? சரி, ஐஸ் பெட்டி மேல ஒட்டிக்கோ."

தேர் வரும் நாளும் வந்தது. வெயில் தார்ச்சாலையில் முட்டை பொரித்தது. தேங்காய்கள் என் உயரத்துக்கும் உங்கள் உயரத்துக்கும் சேர்த்துக் குவிந்து கிடந்தன. அம்மா வேலைச் சட்டையோடு, கையில் தேங்காயோடு நின்றார். கிஷன் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஒன்றரை மணிக்கு யாரோ கத்தினார்கள். "ஐயையோ, தேர் பாலத்துல ஏறிடுச்சு!"

எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். உண்மைதான். கழுகுக்கண்ணில் தேர் கடலுக்கு மேலே விர்ரென்று பறந்துகொண்டிருந்தது.

"தேர் போற ஜாலானை மாத்திட்டாங்க போல!" என்றார் ஒருவர். கூட்டம் கலைய ஆரம்பித்தது. சிலர் தேங்காய்களை மூட்டை கட்டினார்கள்.

"அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம்லா!" என்றார் யுகேந்திரன் அண்ணன். "தேர் ஜுருவுக்குத்தான் போகுது. வேலைக்குப் போனா அங்கேயே உடைச்சிரலாம்!"

அம்மா சிரிக்கவில்லை.

சுபாஷினி தங்கள் பக்கத்தைத் திறந்தாள். பந்தல் பட்டியலில் மெகசின் சாலைப் பந்தல்வரை டிக் விழுந்திருந்தது. அவ்வளவுதான். அடுத்தது சிறைச்சாலை முனைப் பந்தல். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் பார்த்தாள்.

இரண்டு மணி. வேன் வந்து நின்றது.

"ஜெயா, ஏறுலா!" என்று ஓட்டுநர் ஹஸ்ருல் கூப்பிட்டார்.

அம்மா தேங்காயைப் பார்த்தார். பிறகு சுபாஷினியைப் பார்த்தார். ஒரு காலை வேன் படியில் வைத்தார்.

டிங்!

"சிறைச்சாலை முனைப் பந்தல்: தேர் கடந்தது. வெனிலா தீர்ந்துவிட்டது."

"அம்மா, ஏறாதீங்க! தேர் இங்கதான் வருது, அடுத்தது நாமதான்!"

"வெனிலாவா?" என்றார் யுகேந்திரன் அண்ணன். "இதைப் போயி நம்புறீங்களாக்கா? சாட்டிலைட் ஜுருன்னு சொல்லுது!"

அம்மா படியிலிருந்து காலை எடுத்தார். "சாட்டிலைட்டை நான் பார்த்ததில்லை, தம்பி. இவளைப் பார்த்திருக்கேன். ஹஸ்ருல் அண்ணே, அஞ்சு நிமிசம் குடுங்க."

ஹஸ்ருல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேன் என்ஜினை அணைத்தார். உள்ளே இருந்தவர்களும் இறங்கி நின்றார்கள்.

ஒரு நிமிடம் போனது. கிஷன்கூட ஓடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு மாட்டு மணிகள். பிறகு முனையில் வெயில் பட்டு ஒரு வெள்ளி மலை திரும்பியது. ஜுருவில் இருக்க வேண்டிய தேர், மாடுகளோடும் மாலைகளோடும் கண்ணெதிரே ஆடி ஆடி வந்தது!

கலைந்த கூட்டம் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தது. அம்மா கும்பிட்டார். கையை ஓங்கித் தேங்காயைச் சாலையில் அடித்தார். அந்தச் சத்தம் தீவின் மறுகோடியிலுள்ள பாலிக் புலாவ் வரை கேட்டு, அங்கே மரத்திலிருந்து நாலு டுரியான் பழம் விழுந்தது என்கிறார்கள். ஒரு சில்லு பறந்து யுகேந்திரன் அண்ணனின் ஐஸ் பெட்டிக்குள் விழுந்தது.

அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. "தேங்காய்த் தண்ணி" என்றார் அம்மா.

தேர் கடந்ததும் சுபாஷினி ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினாள். "டத்தோ கிராமாட் முனைப் பந்தல்: தேர் கடந்தது. வெனிலா தீர்ந்துவிட்டது." அடுத்தடுத்த பந்தல்களில் எழுந்துபோகத் துணிந்தவர்கள் எல்லாம் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அப்போது யுகேந்திரன் அண்ணனின் கைப்பேசி அடித்தது. தேங்காய் லாரி ஓட்டும் ஹைருல்.

"அண்ணே, ஜுருவுக்கு வந்து சாக்கை இறக்கினா, உள்ள ஒரு ஹேண்ட்போன் கிடக்குது. 'தேர் இங்கே! தேர் இங்கே!'ன்னு கத்திக்கிட்டே இருக்குண்ணே. பயமா இருக்கு!"

யுகேந்திரன் அண்ணனின் முகம் தேங்காய்ப்பூ நிறத்துக்கு மாறியது. தேரோடு நடப்பவரிடம் கொடுக்கச் சொல்லி நிறுவனம் அவரிடம் தந்த கைப்பேசி அது. காலையில் தேங்காய் இறக்க உதவப் போனவர் அதை லாரியில் கிடந்த காலிச் சாக்கின்மேல் வைத்தார். அங்கேயே மறந்தார்.

அடுத்த பந்தலிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "தலைவரே! தேர் ஜுருவுக்குப் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? எப்படி இங்க வந்துச்சு?"

யுகேந்திரன் அண்ணன் சட்டையிலிருந்த கழுகைப் பார்த்தார். சுபாஷினியைப் பார்த்தார். கழுகு தெரியாதபடி சட்டையைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டார்.

"போச்சுதான்" என்றார். "இந்தப் பொண்ணு ஒத்தை விரலால இழுத்துக்கிட்டு வந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்லா!"