மழை நாளில் மூன்று பீர்

வியாழக்கிழமை, மாலை 4.05.

பழம்பொருள் சீரமைப்புக் கூடத்தின் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. உள்ளே மேசை இருந்தது, விளக்கு இருந்தது, தூரிகைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சீரமைத்து வைத்திருந்த பழைய சுவர் ஓடு மட்டும் காணோம்.

இலின்கா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு, புத்தி இருப்பவர்கள் யாரும் தேடாத இடமான தன் கோட்டுப் பையிலும் கையை விட்டுப் பார்த்தாள். வெளியே மதியத்திலிருந்து பிடித்த மழை விடவே இல்லை.

அந்த ஓடு உள்ளங்கை அகலம்தான். எழுநூறு வருஷத்துக்கு முன் ஸ்பெயினில் இதே கிரனாடா நகரின் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் பச்சையும் நீலமுமாக இருந்தது, பிறகு ஒன்பது துண்டாக மண்ணுக்குள் கிடந்தது. ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து பரிமாற்ற மாணவியாக வந்திருந்த இலின்கா இரண்டு மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்து அதை ஒன்றாக்கியிருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வகுப்பே ஊருக்குக் கிளம்பியபோது, டிக்கெட்டுக்கு வழியில்லாத அவள் மட்டும் இங்கேயே இருந்து அந்த வேலையைச் செய்தாள். நாளை காலை கண்காட்சி. சீரமைத்தவர் பெயரோடு அந்த ஓட்டைக் காட்சிக்கு வைப்பார்கள். யார் வேலை அங்கே போகிறதோ, அவருக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருஷம் இடம் உண்டு.

மாலை 4.20.

துறைத் தலைவி என்கார்னா கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ரகம். இப்போது அவர் பேசியது பக்கத்தில் இருந்தவளுக்கே பாதிதான் கேட்டது.

"கதவுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு உன் கழுத்துல தொங்குது. இன்னொண்ணு காவலாளி மேசை டிராயர்ல. ரெண்டு மணிக்குக் கடைசியா பூட்டிட்டுப் போனது நீ. அப்புறம் எங்கே இருந்தே?"

"ரூம்ல, மேடம். ரொட்டி சாப்பிட்டுட்டு தூங்கினேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"ஆறு மணிக்கு அருங்காட்சியக வண்டி வந்துடும். அப்ப ஓடு இங்க இல்லைன்னா, நான் போலீசுக்கும் சொல்லணும், உங்க ஊர் பல்கலைக்கழகத்துக்கும் சொல்லணும். எனக்கு வேற வழி இல்ல."

திருடி என்ற பெயரோடு யாஷ் ரயிலடியில் இறங்குவதை நினைத்தபோது இலின்காவுக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் அழவில்லை. அவளுக்கு வந்தது ரோஷம்.

"ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு மேடம். கேள்வியை நான் கேக்கலாமா?"

என்கார்னா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கேளு."

மாலை 4.30.

காவலாளி மார்சியால் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"மார்சியால் அண்ணே, மதியம் நீங்க வாசல்ல இருந்தீங்களா?"

"எப்பவும் டப்பா சாப்பாடுதாம்மா. இன்னைக்குத்தான் வீட்டுக்குப் போனேன். மழை பிடிச்சதும் பொண்டாட்டி போன் போட்டா. மழைன்னா எங்க வீட்டுல மிகாஸ்தான். பழைய ரொட்டியை உதிர்த்து, பூண்டு, காய்ஞ்ச மிளகாய் எல்லாம் போட்டு வறுத்து வச்சிருப்பா. அதைச் சட்டியிலேருந்து எறக்கின சூட்டோட தின்னணும். ஆறிப்போனா மரத்தூள்தான்."

"எப்பப் போனீங்க?"

"ரெண்டேகால். நாலு அடிக்கும்போது திரும்பிட்டேன். டிராயரைப் பூட்டாம போனது என் தப்புதான், டாக்டரம்மா." கடைசி வரி துறைத் தலைவிக்கு.

"சாவி?"

"போனப்பவும் இருந்துச்சு, வந்தப்பவும் இருந்துச்சு."

அந்தச் சாவி அங்கே இருப்பது கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த வகுப்பில் மற்ற எல்லோரும் காலையிலேயே கோர்தோபாவுக்குச் சுற்றுலா போய்விட்டார்கள். மீந்தது இலின்காவும் அன்ஷோ என்ற இன்னொரு மாணவனும்தான்.

மாலை 4.45.

அன்ஷோ ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலிருந்து, சந்தியாகோ நகரிலிருந்து, செப்டம்பரில் வந்து சேர்ந்தவன். கெட்டிக்காரன். அவன் சீரமைத்த ஜாடி கண்காட்சித் தேர்வில் இலின்காவின் ஓட்டுக்கு அடுத்த இடத்தில் நின்றது. தோளிலும் தலையிலும் மழை சொட்ட நான்கு மணிக்கு அவன் உள்ளே வந்ததை மார்சியாலே பார்த்திருந்தார்.

"ரெண்டேகாலுக்கு மேல எங்கே இருந்தே அன்ஷோ?"

"என்னையா கேக்கறே? சரி, கேளு. ஃபிராஸ்கீட்டோ கடையில. நாலு வரைக்கும்."

"என்ன பண்ணினே?"

"பீர்க்கடையில என்ன பண்ணுவாங்க, பூஜையா? மூணு பீர் குடிச்சேன். மொதல் பீருக்கு உருளைக்கிழங்கும் மிளகாயும். ரெண்டாவதுக்கு அவரைக்கொட்டையும் பன்னிக்கறித் துணுக்கும். மூணாவதுக்குத் தக்காளி போட்ட கறி. போதுமா, போலீஸ்காரம்மா?"

ஃபிராஸ்கீட்டோ கடையை இலின்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குடிக்க ஒன்று வாங்கினால் தின்ன ஒரு தட்டு சும்மா வரும். இன்னதுதான் வேண்டும் என்று கேட்க முடியாது. கேட்டால் ஃபிராஸ்கீட்டோ முறைப்பார். முதல் சுற்றுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. வழக்கமான அந்த வரிசையை அன்ஷோ துளி பிசகாமல் சொன்னான்.

என்கார்னா கடைக்குப் போன் போட்டார். சத்தத்தைப் பார்த்தால் கடை நிரம்பி வழிந்தது.

"அந்த வடக்கத்திப் பையனா? அடிக்கடி வருவான் டாக்டரம்மா. இன்னைக்கும் வந்திருப்பான். இந்தக் கூட்டத்துல மூஞ்சியெல்லாம் யாரு பார்த்தா?"

அன்ஷோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "இனிமே அவ கிட்டக் கேளுங்க மேடம். ரூம்ல தூங்கினாளாம்!"

மணி ஐந்து அடித்தது. இலின்கா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவன் பேச்சில் ஏதோ உறுத்தியது. பதில் சரியாக இருந்தது. அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"மேடம், இன்னொரு தடவை போன் போடுங்க. இந்தத் தடவை யாரு வந்தாங்கன்னு கேக்க வேண்டாம். என்ன போட்டாருன்னு கேளுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

என்கார்னா ஒலிபெருக்கியை அழுத்தினார். "ஃபிராஸ்கீட்டோ, இன்னைக்கு மொதல் சுத்துக்கு என்ன குடுத்தே?"

"இது ஒரு கேள்வியா? வெளியில பாத்தீங்களா இல்லியா? மிகாஸ்!"

"ரெண்டாவதுக்கு?"

"மிகாஸ்தான்! மூணாவதுக்கும் மிகாஸ்தான்! மழை நாள்ல உருளைக்கிழங்கைத் தூக்கிட்டு வந்தா, இந்த ஊருக்காரன் சட்டியை என் தலையில கவுத்துடுவான். கிரனாடாவுலயே பொறந்துட்டு இப்படிக் கேக்கறீங்களே டாக்டரம்மா!"

போன் வைக்கப்பட்டது. அன்ஷோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான்... நேத்து சாப்பிட்டதைச் சொல்லிட்டேன் போல."

"மூணு தட்டு மிகாஸ் தின்னவன் ஒரு தட்டைக்கூட மறப்பானா? பூண்டு வாசனை ராத்திரி வரைக்கும் கையை விட்டுப் போகாது," என்றாள் இலின்கா. "நீ கெட்டிக்காரன் அன்ஷோ. மழையை நீ மறக்கவே இல்ல. கடைசியில வெளியில போய் நின்னு, தலையை நனைச்சுக்கிட்டு வந்தே. ஆனா அந்த மழை சட்டிக்குள்ளயும் விழுந்திருக்கும்னு உனக்குத் தோணல. உங்க ஊர்ல வருஷம் பூரா மழை. மழைக்குன்னு தனியா யாரு சமைப்பா? இந்தக் குளிர்காலத்துல இன்னைக்கு முன்னாடி இங்க மழை பெஞ்சது ரெண்டே நாள். ரெண்டும் கிறிஸ்துமஸ் லீவுல. நீ அப்ப அம்மா வீட்டுல இருந்தே. நான் ஃபிராஸ்கீட்டோ கடையில இருந்தேன்."

"சரி, ஓடு எங்கே?" என்றார் என்கார்னா. அவர் குரல் இப்போது நன்றாகவே கேட்டது.

"இந்தக் கட்டடத்துக்குள்ளதான் மேடம். ஓரத்துல நான் காலையில வச்ச பூச்சு இன்னும் ஈரம். மழையில வெளியில கொண்டுபோனா கரைஞ்சிடும். என்னைக் கெடுக்க நினைச்சாலும் ஓட்டைக் கெடுக்க இவனுக்கு மனசு வராது. கை அப்படிப் பழகினது. சமதளமா, ஈரம் படாம, யாரும் திறக்காத இடத்துல வச்சிருப்பான்." அவள் காவலாளியைப் பார்த்தாள். "மார்சியால் அண்ணே, மண் ஜாடி சுடற சூளையை எப்ப அணைச்சாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"திறங்க."

மாலை 5.25. ஆறிப்போன சூளையின் மேல் தட்டில், பஞ்சு விரித்து, அதன்மேல் பச்சையும் நீலமுமாக ஓடு கிடந்தது. ஒரு கீறல் இல்லை. மார்சியால் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்ஷோ தலையைத் தொங்கப்போட்டான். "அந்த ஒரு வருஷம் எனக்கும் வேணும் மேடம். நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் திருப்பி வச்சிருப்பேன்."

"அதுக்குள்ள இந்தப் பொண்ணு ரயில் ஏறியிருப்பா," என்றார் என்கார்னா. பிறகு இலின்காவிடம் திரும்பினார். "ஒண்ணு சொல்லு. யாஷ்லேருந்து வந்த உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் இங்க பொறந்தவ. எனக்கே பொறி தட்டல."

இலின்கா மறைக்கவில்லை. மறைப்பதில் அவளுக்கு விருப்பமும் இல்லை.

"எனக்கு வர்ற உதவித்தொகை வாடகைக்கும் பாதி மாசத்துக்கும்தான் காணும், மேடம். மீதி நாளெல்லாம் ஒரு திராட்சைச் சாறு வாங்குவேன். கூட வர்ற தட்டுதான் ராத்திரிச் சாப்பாடு. இந்த ஊர் எனக்குச் சோறு போட்டிருக்கு. அது என்னைக்கு என்ன சமைக்கும்னு எனக்குத் தெரியாம இருக்குமா?"

சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது. என்கார்னாவுக்குத் தன் ஊரை நினைத்தும் பெருமையாக இருந்தது, இந்தப் பெண்ணை நினைத்தும் பெருமையாக இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

"உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சுக்கோ," என்றார் அவர். "இவனை என்ன பண்ணலாம்? போலீஸ்னா போலீஸ். நீ சொல்றதுதான்."

இலின்கா அன்ஷோ பக்கம் திரும்பினாள்.

"போலீஸ் வேண்டாம். நாளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இவன் ஓட்டுப் பக்கத்துல நிக்கட்டும். வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதை யாரு சீரமைச்சாங்க, எப்படின்னு இவனே விளக்கட்டும்."

அன்ஷோவின் முகம் சிவந்தது. போலீசே தேவலை என்று அவன் நினைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, காலை 10.10. அருங்காட்சியகத்தில் கூட்டம் வாசல் வரை நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு அன்ஷோ நின்று தொண்டையைச் செருமினான்.

"இந்த ஓட்டை... ஒன்பது துண்டுலேருந்து சீரமைச்சது... இலின்கா மொராரு."

மூன்றாவது வரிசையிலிருந்து இலின்காவின் குரல் வந்தது.

"சத்தமா சொல்லு அன்ஷோ. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."