இருபத்தெட்டுத் தாள்கள்

அன்று ஐந்தாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள்: வகுப்பு டீச்சர், தாள்கட்டோடு வந்திருந்த ஆராய்ச்சி அக்கா, ஓயாமல் பேசுவதால் சில்வண்டு என்று பேர் வாங்கிய பெண், அவளுடைய சித்தப்பா மகன் சோடாபுட்டி. இவர்கள் இருவரையும் சேர்த்துப் பிள்ளைகள் மொத்தம் இருபத்தெட்டு. வேறு யாரும் இல்லை.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று கண்டறிய அக்கா வந்திருந்தார்.

"பாடத்தைப் படிங்க. கண்ணை மூடி, படிச்சதை மனசுக்குள்ள படமா பாருங்க. படம் எவ்வளவு தெளிவா தெரிஞ்சுதுன்னு பூஜ்ஜியத்துலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு எண் போடுங்க. அப்புறம் பத்துக் கேள்வி. உண்மையை எழுதினா போதும்."

செடிக்குள் தண்ணீர் ஏறுவதுதான் பாடம். சில்வண்டு கண்ணை மூடினாள். வேர் இல்லை, தண்டு இல்லை, வெறும் இருட்டு. பூஜ்ஜியம் போட்டாள். பிறகு மளமளவென்று பதில் எழுதினாள். பத்தும் சரி.

டீச்சர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "ஒண்ணுமே தெரியலங்கிற. ஆனா பத்துக்குப் பத்து. யாரைப் பாத்து எழுதின?"

பக்கத்தில் சோடாபுட்டி மட்டும்தான். அவன் எழுந்து நின்றான். "என்னைப் பாத்து எழுதியிருந்தா ஆறுதான் டீச்சர் வந்திருக்கும்."

வகுப்பு சிரித்தது. சில்வண்டு சிரிக்கவில்லை. அவள் வீட்டில் யாருக்கும் இதுவரை திருட்டுப் பட்டம் கிடைத்ததில்லை.

"வேற பாடம் குடுங்கக்கா," என்றாள் அவள். "தனியா உக்காந்து எழுதறேன்."

அறை மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்த முறை, காதுக்குள் ஒலி போகும் பாடம். மறுபடியும் பூஜ்ஜியம். மறுபடியும் பத்து.

"படம் வரலன்னா எப்படிம்மா ஞாபகம் வச்சுக்கிற?" என்றார் அக்கா.

"பேசுவேன். வேரே, தண்ணியை எங்க அனுப்புறன்னு கேப்பேன். தண்டுக்குன்னு அது சொல்லும். தண்டே, நீ எங்க அனுப்புறன்னு அதையும் கேப்பேன்."

"செடியைக்கூட விடமாட்டா," என்றது கடைசி பெஞ்ச்.

டீச்சர் குரலைத் தணித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு ரப்பரை அவள் முன்னால் நகர்த்தினார். "சரி, காப்பி அடிக்கல. அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் அழிச்சு நாலுன்னு போட்டுடு. படம் தெரிஞ்சாதான் படிப்பு வரும்ங்கிற அவங்க கணக்கு கெடாது."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இல்லாத படத்தை இருக்குன்னு எப்படி டீச்சர் எழுதுறது?"

ரப்பர் மேசையிலேயே கிடந்தது. தன் தாளோடு மூலைக்கு வந்து அதை எடுத்தது சோடாபுட்டி. அதில் போட்டிருந்த ஐந்தை அழித்தான். அழுத்தித் தேய்த்ததில் தாள் லேசாகக் கிழிந்தது. அந்த இடத்தில் பூஜ்ஜியம் போட்டான்.

"எனக்கும் இருட்டுதான் அக்கா," என்று சில்வண்டிடம் முணுமுணுத்தான். மூன்று மாதம் மூத்தவள் என்பதற்காக அவளுக்கு அந்த மரியாதை. "எல்லாரும் அஞ்சு போட்டாங்க. பயமா இருந்துது."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்னடா?" என்றாள் அவள். ஆனால் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

ஆராய்ச்சி அக்கா அவர்கள் இருவரின் தாள்களையும் மடித்துத் தனியாகப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சில்வண்டு அவனை உட்காரவைத்து, பாடத்தோடு பேசப் பழக்கினாள். முதலில் வெட்கப்பட்டான். அடுத்த பரீட்சையில் ஒன்பது வாங்கினான். அதை எந்த ஆராய்ச்சியிலும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் வந்தது. மனதில் படம் தெளிவாகத் தெரியும் பிள்ளைகளே நன்றாகக் கற்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில்: 'கலந்துகொண்டவர்கள்: இருபத்தாறு பேர்.'

சில்வண்டு அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வகுப்புக்குள் போய்த் தலைகளை எண்ணிப் பார்த்தாள்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காப்பி அடித்ததால்தான் அவர்கள் தாள்களை எடுத்துவிட்டார்கள் என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். இரண்டு பேரும் எழுதியது உண்மை. அதனால்தான் எடுத்தார்கள். அன்று அந்த அறையில் இருந்த பிள்ளைகள் இருபத்தெட்டு.