மழைக்கு அழியாத அண்ணன்

ஒவ்வொரு மழைக்கும் மெலிட்டாவின் அண்ணன் மறுபடி செத்துப்போனான். கடலில் போனவன், உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. வெற்றுக் கல்லறை மேல் அவள் அவன் உருவம் எழுதிவைத்த ஜாடிதான் மிச்சம். ஏதென்ஸில் மழை கொட்டினால் அந்தச் சாயமும் கரைந்து ஓடிவிடும். கொரிந்த் ஊர் ஜாடிகளின் கறுப்பு மட்டும் தேய்த்தாலும் போகாதாம்!

"அந்தக் கறுப்பை எடுத்து வராம நான் அடங்க மாட்டேன்," என்றாள் மெலிட்டா.

அண்ணி ரோதே செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணனின் கூட்டாளியான குயவன் கிலியோன், "ரெண்டு பொம்பளைங்க, ஒரு நொண்டிக் கழுதை... வெளங்கிடும்!" என்று முனகியபடி முன்னால் நடந்தான்.

மலையும் வெயிலும் ஆளைத் தின்றன. கொரிந்தை அடைந்தபோது மூவருக்கும் பாதம் கொப்புளித்திருந்தது. உச்சி வெயிலில் ஊரே உண்டு உறங்கும் நேரம் பார்த்து, மெலிட்டா சூளைக் கொட்டகைக்குள் புகுந்தாள். ஓவியர்கள் தூரிகை தோய்க்கும் தொட்டியருகே ஒரு மூட்டை! எடுத்ததுதான் தாமதம், நாய் குரைத்தது.

"ஓடு புள்ள!" கிலியோன் கத்தினான்.

பின்னாலிருந்து கற்கள் பறந்துவந்தன. கழுதைகூட நொண்டுவதை மறந்து ஓடியது. மலையைத் தாண்டி, துரத்தியவர்கள் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே மாவுபோல் மெல்லிய மண். அதுவும் செக்கச்செவேலென்று வெறும் செம்மண்!

"இதுக்கா உசிரக் கையில புடிச்சிட்டு ஓடினோம்?" கிலியோன் தலையில் அடித்துக்கொண்டான்.

மெலிட்டாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "கொட்டிடலாமா அண்ணி?"

"சுமந்தது சுமந்தாச்சு. கெடக்கட்டும்."

பயணம் முழுக்க ரோதே பேசியது அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும், வேறு வழியில்லாமல் அந்த மண்ணையே கரைத்துப் புது ஜாடியில் அண்ணனை எழுதினாள் மெலிட்டா. ஊசியால் கீறிச் சுருள்முடியும் சிரிக்கும் கண்ணும் வரைந்தாள். சிவப்பு ஜாடியில் சிவப்பு அண்ணன். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தான்.

சூளை கனன்று எரியும்போது வானம் பொத்துக்கொண்டது! கிலியோன் பாய்ந்துபோய்ப் புகைத்துளையைக் கல்லால் மூடினான். காய்ந்த விறகு தீர்ந்துபோக, நனைந்ததையே உள்ளே திணித்தான். கொட்டகையெல்லாம் கரும்புகை. மழை விட்டதும் மெலிட்டா சூளையின் சிறு துவாரம் வழியே எட்டிப் பார்த்தாள். ஜாடி முழுக்க அடுப்புக்கரி மாதிரி ஒரே கறுப்பு. அண்ணனைக் காணவே காணோம்.

"போச்சு, எல்லாம் போச்சு! சூளை மூச்சாவது விடட்டும்!" கழியால் புகைத்துளைக் கல்லைத் தள்ளிவிட்டு, அங்கேயே சுருண்டு தூங்கிப்போனாள்.

சூளை ஆறியதும் கிலியோன் ஜாடியை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் புகுந்த காற்றில் ஜாடி பழையபடி சிவந்திருந்தது. அவள் எழுதிய அண்ணன் மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தான்!

"அடி ஆத்தாடி! கறுப்பு வெறும் மண்ணுல இல்ல புள்ள, இந்த மண்ணைச் சுடுற விதத்துல இருக்கு! நல்லவேளை, கொட்டாம சுமந்தோம்."

மறுபடி தூறல் விழுந்தது. ரோதே ஜாடியை முற்றத்து மழையிலேயே வைத்தாள். ஈரத்துணியால் கணவனின் முகத்தை அழுத்தித் தேய்த்தாள். கை ஓயும்வரை தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

அவன் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஜாடியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"இனி எங்க போவீங்களாம்?" என்றாள்.