பதினோராவது நொடி

பென்சில் சத்தம் மறுபடியும் நின்றது.

மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் சூடேறும் வாசமும், அழிப்பான் தூளின் வாசமும், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கும் கலந்து கிடந்த அந்த அறையில், மகளின் பென்சில் தாளில் உரசும் சத்தம்தான் நாள் முழுதும் உழைத்து வந்தவருக்குத் தாலாட்டு. காப்பியைக் கையில் வைத்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். இன்று அந்தத் தாலாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. சர், சர், சர் என்று போகும். சட்டென்று ஒன்றுமே இருக்காது. பிறகு எதுவும் நடக்காததுபோல் மறுபடி சர், சர்.

கண்ணைத் திறந்தார். எட்டு வயது மகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தூங்கி வழிகிறவர்களுக்கு விழுவதுபோல அவள் தலை முன்னால் விழுந்தது. பென்சில் தாளின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனது. உடனே நிமிர்ந்தாள், விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தாள்.

“ஏன் கண்ணு கோடு போடுற?”

“நான் எங்கப்பா போட்டேன்?” என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும். இப்போது விடைக்கவில்லை.

மனைவி சமையலறையிலிருந்தபடியே குற்றப்பத்திரிகை வாசித்தாள். இந்த வாரம் இரண்டு தட்டு உடைந்ததாம். கணக்கில் பன்னிரண்டு மதிப்பெண்ணாம். கையெழுத்து கோழி கிளறியதுபோல் ஆகிவிட்டதாம். டீச்சர் வேறு நாளைக்கு அப்பாவை வரச் சொல்லியிருக்கிறாளாம். எல்லாம் அவர் கொடுக்கும் செல்லம்தான் என்று முடித்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை விழுந்தது. பதினோரு நொடி. மறுபடி விழுந்தது. பதினோரு நொடி. காப்பி ஆறி ஏடு கட்டியது. இன்னும் பதினோரு நொடி.

சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு. காலையும் மாலையும் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த நாள் புரட்டினாலும் அவர் கையெழுத்தில் நாலுதான் இருக்கும் என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவருக்கு ‘நாலு டிகிரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். தட்டம்மை வந்து போய்விடும். எங்கோ ஒரு குழந்தைக்கு மட்டும் போகாது. அந்தக் கிருமி மூளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆறு வருடமோ எட்டு வருடமோ கழித்து எழும். முதலில் படிப்பு கெடும், பிறகு கையில் இருப்பது நழுவும், பிறகு கடிகாரம் வைத்ததுபோல் உடம்பு வெட்டும். அதற்குப் பிறகு குழந்தை திரும்பி வராது. திரையில் ஒரு சிறுவனின் தலை இப்படித்தான் விழுந்தது. அன்று அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

மகளுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது அவர் மாமனார் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினார். போகும்முன் அந்த நாலு நாளுக்கும் சேர்த்து நாலு, நாலு என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். மின்சாரம் போனது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது முகத்தில் குளிர் அடிக்கவில்லை. வெதுவெதுப்பான ரப்பர் நாற்றம்.

மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். அவர் குப்பியைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம். சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்ததுபோல் இருந்தது. வெளுப்புதான் என்று வைத்துக்கொண்டார். எறிந்தால் ஏன் என்று எழுத வேண்டும். அந்த நாலுகளை யார் எழுதியது என்று கேட்பார்கள்.

மறுநாள் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் நாற்பது பேருக்குத் தட்டம்மை ஊசி. காய்ச்சல் வருமோ என்று பயந்த அம்மாக்களுக்குத் தைரியம் கொடுக்க, தன் மகளைத்தான் முதலில் மடியில் வைத்தார். கெட்டுப்போன மருந்து யாரையும் கொல்லாது, காப்பாற்றவும் செய்யாது. சில மாதத்தில் எல்லார் வீட்டிலும் காய்ச்சலும் சிவந்த தடிப்பும் வந்தன. டாக்டர் தட்டம்மையா என்று சந்தேகப்பட்டார். எல்லாருக்கும் ஊசி போட்டாயிற்றே என்றார் இவர். வேறு ஏதோ தடிப்பு என்று எழுதினார்கள். எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது மகளின் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கோடுகள். நாளை டீச்சரைப் பார்த்துவிட்டு, மகளை நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், குப்பியைப் பற்றியும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். சொன்னால்தான் மற்றக் குழந்தைகளையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மறுநாள் மதியம் பள்ளிக்குப் போனார். வகுப்புக்கு வெளியே வராந்தாவில் டீச்சர் நின்றிருந்தாள். கோபமாக இல்லை. களைத்திருந்தாள்.

“உங்க பொண்ணு மட்டும்னா நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன் சார்,” என்றாள். “எல்லாம் பேசி வெச்சுக்கிட்டுப் பண்ணுதுங்கன்னு நினைச்சேன். நீங்களே பாருங்க.”

சன்னல் வழியாகப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு. அந்த வட்டாரத்துக்கு ஒரே பள்ளி. சுண்ணாம்புக்கட்டி வாசம். முப்பது நாற்பது பென்சில்கள் ஒன்றாக உரசும் சத்தம், மழைபோல.

நின்றது.

எல்லாத் தலைகளும் விழுந்தன. ஒரே நேரத்தில். ஒரு பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. மறுபடி மழை.

“இது ஏதாவது நோயா சார்? நீங்க அந்த வேலையிலதானே இருக்கீங்க?”

டீச்சர் காத்திருந்தாள். அவர் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு. ஒன்பது.

“விளையாட்டாத்தான் இருக்கும், டீச்சர்.”

பத்து.

சத்தம் நின்றது. தலைகள் விழுந்தன. நிமிர்ந்தன. பென்சில்கள் ஓடத் தொடங்கின.

முதல் வரிசையில் ஒரு தலை நிமிரவில்லை. நெற்றி நோட்டில் பதிந்திருந்தது. அவர் மகள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்க்காமல், எழுதிக்கொண்டே இருந்தார்கள்.